பன்றிக்குட்டிகளைக் கொல்லும் ரகம் எது? மரபணுச் சோதனை சொல்வதும் சொல்லாததும்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பால் மறக்கடித்த இரண்டாவது வாரத்தில் குட்டிகள் திடீரென்று ஒருபக்கமாக விழுந்து, கால்களைத் துழாவிக்கொண்டே வலிப்பு வந்து சாகின்றன. சிலவற்றுக்கு மூட்டு வீங்கியிருக்கிறது. உயிரோடு இருக்கும் நாலைந்து குட்டிகளின் மூக்கைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து அனுப்பியதில், பிசிஆர் என்ற மரபணுச் சோதனை ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. எந்த ரகம் என்று பார்த்துவிட்டு மேலே போகலாம் என்கிறார் கால்நடை மருத்துவர். கிருமியின் பெயர்தான் தெரிந்துவிட்டதே, ரகம் எதற்கு, அந்தச் சோதனை அப்படி என்னதான் சொல்லிவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பன்றி நோய்க் கிருமிகளை ஆய்வகத்தில் பல வருடங்களாகப் பார்த்துவருகிறவன் என்ற முறையில் என் பதில்: ரகம் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் அந்த மூக்கு மாதிரியை வைத்துப் பார்க்கக் கூடாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் பன்றியின் வாயிலும் மூக்கிலும் டான்சிலிலும் குடியிருக்கும் கிருமி. ஆரோக்கியமான பன்றியிடமும் இருக்கும். குட்டி பிறக்கும் வழியிலேயே தாயிடமிருந்து ஒட்டிக்கொள்ளும். பால் குடிக்கும் நாட்களில் இன்னும் சேரும். ஒரே குட்டியின் டான்சிலில் நாலைந்து ரகங்கள் ஒன்றாக இருப்பது சாதாரணம். அவற்றில் பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்யாமல் பன்றியோடு கடைசி வரை வாழ்ந்துவிடும். ஆகவே மூக்கில் இந்தக் கிருமி இருக்கிறது என்று ஓர் அறிக்கை சொன்னால், நீங்கள் அனுப்பியது பன்றியின் மூக்கு என்பதற்கு மேல் அது அதிகம் சொல்லவில்லை. நோய் வராத பண்ணையில் எடுத்திருந்தாலும் அனேகமாக இதே பதில்தான் வந்திருக்கும்.

குட்டியைக் கொல்வது அந்தக் கூட்டத்தில் ஒரு ரகம், அல்லது இரண்டு. ரத்தத்துக்குள் நுழைந்து, அங்கே உடலின் காவல் செல்களிடம் சிக்காமல் தப்பி, மூளை உறைக்கும் மூட்டுக்கும் போய்ச் சேரும் திறமை அதற்கு இருக்கிறது. அந்தத் திறமை மரபணுக்களில் எழுதியிருக்கிறது. மரபணுச் சோதனை அந்த எழுத்தை வாசிக்கும் வேலைதான்.

பிசிஆர் எப்படி வேலை செய்கிறது என்பதில் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். நாம் எந்த மரபணுவைத் தேடச் சொல்கிறோமோ அதை மட்டும்தான் அது தேடும். அந்த மரபணுவின் இரு ஓரங்களுக்கும் பொருந்தும் சிறு டிஎன்ஏ துண்டுகளை (இவற்றுக்குப் பிரைமர் என்று பெயர்) மாதிரியில் போடுகிறோம். அவை ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்தால் நடுவிலுள்ள பகுதி இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பெருகும். இடம் கிடைக்காவிட்டால் எதுவும் நடக்காது. கேட்காத கேள்விக்கு இந்தச் சோதனை பதில் சொல்லவே சொல்லாது. உங்கள் முதல் அறிக்கையில் கேட்கப்பட்டது ‘இந்த இனம் இருக்கிறதா’ என்ற ஒரே கேள்வி.

அந்த இனக் கேள்வியிலேயே ஒரு சிக்கல் உண்டு. இந்தக் கிருமியின் மேலே சர்க்கரையால் ஆன ஓர் உறை இருக்கிறது. அந்த உறையின் வகையை வைத்துத்தான் இதைச் செரோடைப்புகளாகப் பிரித்தார்கள்: 1 முதல் 34 வரை, கூடவே 1/2 என்று ஒன்று, மொத்தம் 35. பிறகு மரபணுக்களை வாசித்துப் பார்த்தபோது 20, 22, 26, 32, 33, 34 ஆகிய ஆறும் இந்த இனமே இல்லை, நெருங்கிய உறவுள்ள வேறு இனங்கள் என்று தெரிந்தது. மிச்சம் 29. பல ஆய்வகங்கள் நெடுநாள் பயன்படுத்திய ஜிடிஎச் மரபணுச் சோதனை அந்த உறவினர்களில் சிலவற்றையும் சேர்த்துப் பிடித்துவிடும். பின்னால் வந்த ரெக்என் மரபணுச் சோதனை இன்னும் கறாரானது. உங்கள் ஆய்வகம் எதைப் பயன்படுத்தியது என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல ஆய்வகம் இந்தக் கேள்விக்குச் சலித்துக்கொள்ளாது.

அடுத்த படி செரோடைப். உறையைக் கட்டும் மரபணுக்கள் வகைக்கு வகை மாறுவதால், ஒரே குழாயில் பல ஜோடிப் பிரைமர்களைப் போட்டு இது எந்த வகை என்று பார்த்துவிடலாம். நோயுற்ற குட்டிகளிடம் உலகெங்கும் அதிகம் கிடைப்பது 2-ஆம் வகை. ஆனால் அது மட்டும்தான் கொல்லும் என்று நினைத்துவிடக் கூடாது. 1/2, 3, 7, 9 போன்றவையும் நிறையக் குட்டிகளைக் கொல்கின்றன. எது முன்னால் நிற்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 2-ஆம் வகைக்கும் 1/2 வகைக்கும் உறை மரபணுக்களின் தொகுப்பு ஒன்றேதான். சாதாரண பிசிஆர் இரண்டையும் பிரிக்க முடியாமல் ‘2 அல்லது 1/2’ என்று சொல்லி நின்றுவிடும். 1-க்கும் 14-க்கும் இதே நிலைமை. டிஎன்ஏ ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகளால் எழுதப்படுவது. வித்தியாசம் சிபிஎஸ்கே என்ற மரபணுவில் 483-ஆம் இடத்தில் இருக்கும் ஒரே ஓர் எழுத்து. 2-இலும் 14-இலும் அங்கே ‘ஜி’ இருக்கும். 1-இலும் 1/2-இலும் ‘சி’ அல்லது ‘டி’ இருக்கும். அந்த ஒரு எழுத்து மாறினால் புரதத்தில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டீன் என்ற வேறொன்று வந்து உட்கார்கிறது. அதனால் உறையில் சேரும் சர்க்கரையே மாறிவிடுகிறது. சுமார் 20 லட்சம் எழுத்துகள் கொண்ட மரபுத்தொகுதியில் ஓர் எழுத்து! மனிதருக்கு நோய் தருவதில் 2-ஆம் வகைதான் முதலிடம், 14 அதற்கு அடுத்து. எனவே இந்தப் பிரிவினை பண்ணையில் வேலை செய்கிறவர்களின் பாதுகாப்புக்கும் வேண்டியது. அந்த மரபணுவைச் சீக்வென்சிங் செய்து, அதாவது எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். அறிக்கையில் ‘2 அல்லது 1/2’ என்று பார்த்தால் ஆய்வகத்தைக் குறை சொல்லாதீர்கள். தன் சோதனை எதுவரை போகிறது என்பதை அவர்கள் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

செரோடைப் தெரிந்தால் ரகம் தெரிந்துவிட்டதா? இல்லை. ஒரே நிறச் சட்டை போட்ட பத்துப் பேரும் ஒரே குணமுள்ளவர்களாக இருக்க மாட்டார்கள் அல்லவா? உறை ஒன்றாக இருந்தும் உள்ளே இருக்கும் வீரியம் வேறாக இருக்கலாம். அதற்காகத்தான் வீரிய மரபணுக்களைத் தேடுவார்கள். எம்ஆர்பி, இபிஎஃப், எஸ்எல்ஒய் என்ற மூன்றும் அடிக்கடி அறிக்கையில் வரும். முதலிரண்டும் கிருமியின் மேற்பரப்பிலும் வெளியிலும் காணப்படும் புரதங்களுக்கானவை. மூன்றாவது சூயிலைசின் என்ற நஞ்சுக்கானது. செல்களில் ஓட்டை போடும் நஞ்சு அது.

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் நோயுற்ற பன்றிகளிடம் எடுத்த 2-ஆம் வகைக் கிருமிகளில் இந்த மூன்றும் பெரும்பாலும் சேர்ந்தே இருந்தன. ஆகவே இவை இருந்தால் கொடிய ரகம், இல்லாவிட்டால் சாது என்று ஒரு கணக்கு பரவிவிட்டது. வட அமெரிக்காவில் பார்த்தால் அதே 2-ஆம் வகையில் எஸ்டி25, எஸ்டி28 என்ற குடும்பங்கள்தான் அதிகம். அவற்றில் சூயிலைசினும் இபிஎஃப்பும் பொதுவாக இருப்பதில்லை. ஆனாலும் அவை பன்றிகளை நோயில் தள்ளுகின்றன. குறியீடு ‘இருக்கிறது’ என்றால் அதற்குப் பொருள் உண்டு. ‘இல்லை’ என்பதை வைத்து ஆபத்தில்லை என்று முடிவு கட்டக் கூடாது. ஓரிடத்துக் கணக்கை இன்னோர் இடத்துக்கு அப்படியே பொருத்தி, ‘வீரிய மரபணு இல்லை, எனவே இது காரணமில்லை’ என்று எழுதிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். குட்டியின் மூளை உறையிலிருந்து சுத்தமாக வளர்ந்த கிருமிக்கு அப்படி எழுதியிருந்தார்கள். மனம் நொந்துபோனது.

எஸ்டி என்று சொன்னேனே, அது ஏழு மரபணுக்களை வாசித்து அவற்றின் எழுத்து வேறுபாட்டை வைத்துக் கொடுக்கும் குடும்ப எண். இந்தக் கிருமிக்கு அந்த முறை 2002-இல் வந்தது. 2005-இல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் பன்றிகளிடமிருந்து மனிதருக்குப் பரவி 215 பேர் நோயுற்று, அவர்களில் 38 பேர் இறந்தபோது, அதற்குக் காரணம் 2-ஆம் வகையில் எஸ்டி7 என்ற குடும்பம் என்று இந்த முறைதான் காட்டியது. நெடுநாளாகத் தெரிந்த எஸ்டி1-லிருந்து அது ஏழு மரபணுக்களில் ஒன்றில் மட்டும் மாறுபட்டது.

உங்கள் பண்ணையில் வேலை செய்கிறவர்களை நினைத்து இதைச் சொல்கிறேன். மனிதரிடம் இந்தக் கிருமி மூளைக்காய்ச்சலை உண்டாக்கும். பிழைத்தவர்களில் பலருக்குக் காது கேட்காமலே போய்விடுகிறது. ரகம் தெரியும் வரை, செத்த குட்டியைக் கையுறை இல்லாமல் யாரும் தொட வேண்டாம். கையில் வெட்டுக்காயம் இருப்பவர் அருகிலேயே போக வேண்டாம். யாருக்காவது காய்ச்சலோடு கடும் தலைவலி வந்தால், பன்றிப் பண்ணையில் வேலை செய்வதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

இனி மாதிரிக்கு வருவோம். சோதனை எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் மாதிரி தவறானால் எல்லாம் வீண். மூக்கு மாதிரியில் ஐந்து ரகம் கலந்திருந்தால், செரோடைப் பிசிஆர் ஐந்தையும் சொல்லும், அல்லது அதிகமாக இருப்பதை மட்டும் சொல்லும். கொலை செய்தது எது என்று அதில் இருக்காது. கிருமி இருக்கவே கூடாத இடத்திலிருந்து எடுக்க வேண்டும்: மூளை உறை, மூளைத் தண்டுவட நீர், வீங்கிய மூட்டின் உட்புற நீர், இதயம், மண்ணீரல். ஆரோக்கியமான உடலில் இந்த இடங்களில் பாக்டீரியாவே இருக்காது. அங்கே ஒன்று கிடைத்தால் அதுதான் நீங்கள் தேடுவது.

எந்தக் குட்டி என்பதும் முக்கியம். நோய் வந்து சில மணி நேரமே ஆன, இன்னும் ஆண்டிபயாடிக் போடாத குட்டி வேண்டும். செத்து வெயிலில் கிடந்த குட்டியின் குடலிலிருந்து கிருமிகள் உடம்பெங்கும் பரவிவிடும். அதில் எது கிடைத்தாலும் நம்ப முடியாது. பல நாளாக இழுத்துப் பறித்துக்கொண்டிருக்கும் குட்டியும் உதவாது. ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் இரண்டு மூன்று குட்டிகளையாவது மருத்துவரை வைத்துப் பரிசோதிக்க வேண்டும். மற்ற நோயுற்ற குட்டிகளுக்குச் சிகிச்சையை இதற்காக நிறுத்தி வைக்கச் சொல்லவில்லை. மாதிரிக்கென்று தேர்ந்த குட்டிகளை மருத்துவர் வலியில்லாமல் முடித்து எடுத்துக்கொள்வார். மற்றவற்றுக்கு ஊசி உடனே போகட்டும்.

எடுத்த மாதிரியில் நேராகப் பிசிஆர் செய்வதோடு, தட்டில் வளர்க்கவும் சொல்லுங்கள். பிசிஆர் செத்த கிருமியின் டிஎன்ஏவையும் எண்ணும். வளர்ந்த கிருமி கையில் இருந்தால்தான் அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க முடியும், முழு மரபையும் வாசிக்க முடியும், தேவைப்பட்டால் தடுப்பூசியும் தயாரிக்க முடியும்.

இன்னொரு கவலை எனக்கு உண்டு. நீங்கள் சொன்ன அறிகுறிகளை மட்டும் வைத்து இது ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பால் மறந்த ஓரிரு வாரத்தில் இதே போலத் தள்ளாடி விழுந்து, துழாவிச் சாகச் செய்வது வேறு சிலவும் உண்டு. முதலில் தண்ணீரைப் பாருங்கள். குழாய் அடைத்துக்கொண்டு ஒரு நாள் தண்ணீர் கிடைக்காமல் போனாலே உப்பு நஞ்சாகி வலிப்பு வரும். அதற்கு எந்த மரபணுச் சோதனையும் வேண்டாம். குழாயைத் திறந்து பார்த்தால் போதும். அடுத்தது ஈ.கோலை கிருமியின் ஒரு ரகம் கொண்டுவரும் எடிமா நோய். கண்ணிமை வீங்கும், குரல் மாறிக் கரகரக்கும், நன்றாகக் கொழுத்து வளரும் குட்டிதான் முதலில் போகும். மூன்றாவது கிளாசர் நோய். கிளாசெரெல்லா பாராசூயிஸ் என்ற கிருமி நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் மூட்டிலும் நார் நாராகப் படிவை உண்டாக்கி, மூளை உறை வரை போகும். அதுவும் ஆரோக்கியமான குட்டியின் மூக்கில் வழக்கமாகக் குடியிருப்பதுதான். அதிலும் சாது ரகம், கொடிய ரகம் உண்டு. அதற்கும் மூக்கு மாதிரி பயன்படாது.

எடிமா நோய் ஈ.கோலையிடம் மரபணுச் சோதனை எவ்வளவு தெளிவாகப் பேசும் என்பதைப் பார்த்தால், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஏன் இவ்வளவு குழப்புகிறது என்பதும் புரியும். குடலில் ஈ.கோலை இல்லாத பன்றியே கிடையாது. ஆனால் நோய் தரும் ரகத்துக்கு இரண்டு ஆயுதங்கள் வேண்டும்: குடல் சுவரில் பற்றிக்கொள்ள ஒரு கொக்கி, பிறகு ஒரு நஞ்சு. கொக்கி எஃப்4 ஆகவோ எஃப்18 ஆகவோ இருக்கும். எல்டி, எஸ்டிஏ, எஸ்டிபி ஆகிய நஞ்சுகள் பேதியைத் தரும். எஸ்டிஎக்ஸ்2இ என்ற நஞ்சு ரத்தக் குழாய்களைக் கெடுத்து எடிமாவைத் தரும். ஒரு பிசிஆரில் எஃப்18-உம் எஸ்டிஎக்ஸ்2இ-உம் ஒன்றாகக் கிடைத்து, கண்ணிமையும் வீங்கியிருந்தால் விவாதமே இல்லை. இங்கே மரபணுதான் நோய். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸிடம் அப்படி ஒற்றை ஆயுதம் கிடையாது; பல மரபணுக்கள் சேர்ந்து, அதுவும் இடத்துக்கிடம் வேறு வேறு விதமாகச் சேர்ந்து வேலை செய்கின்றன. அதனால்தான் அதை எங்கே பிடித்தோம் என்பது, எதைப் பிடித்தோம் என்பதற்குச் சமமாகிறது.

இதே விஷயத்தில் பன்றியின் மரபணுவையும் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. எஃப்18 கொக்கி மாட்டிக்கொள்ளும் இடம் எல்லாப் பன்றிகளின் குடலிலும் இல்லை. பன்றியின் எஃப்யூடி1 மரபணுவில் 307-ஆம் இடத்தில் பெற்றோர் இருவரிடமிருந்தும் ‘ஏ’ வந்திருந்தால், அந்தக் குட்டியின் குடலில் எஃப்18 பிடித்துக்கொள்ள முடியாது. எடிமா நோய் திரும்பத் திரும்ப வரும் பண்ணையில் இனப்பெருக்கத்துக்கு ஆண் பன்றியைத் தேர்ந்தெடுக்கும்போது இதைப் பார்ப்பது நிலையான தீர்வு.

மற்ற கிருமிகளைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மூக்கு கோணிப்போகும் நோயில் பாஸ்சுரெல்லா மல்டோசிடாவிடம் டாக்ஸ்ஏ மரபணு இருக்கிறதா என்பதே கேள்வி. அங்கே மூக்கு மாதிரி சரியான மாதிரி. நுரையீரலைத் தாக்கும் ஆக்டினோபாசில்லஸ் புளூரோநிமோனியேயில் ஏபிஎக்ஸ் நஞ்சுகளின் சேர்க்கையைப் பார்ப்பார்கள். முதல் இரண்டும் சேர்ந்திருக்கும் 1, 5, 9, 11 வகைகள் மிகக் கொடியவை. பிறந்த சில நாட்களில் ரத்தப் பேதியோடு சாகும் குட்டிகளில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸின் சிபிபி மரபணுவைத் தேட வேண்டும். கிருமி இருப்பதை மட்டும் சொல்லும் அறிக்கை அங்கேயும் பயனற்றது. லாசோனியா இன்ட்ராசெல்லுலாரிஸ் சாதாரணத் தட்டில் வளரவே வளராது. செல்லுக்குள் மட்டும் வாழும். சாணத்தில் அளவு பார்க்கும் பிசிஆர்தான் அதற்கு வழி. இருக்கிறதா என்பதைவிட எவ்வளவு இருக்கிறது என்பது முக்கியம். அறிக்கையில் சிடி என்று ஓர் எண் வரும். அது சிறியதாக இருந்தால் கிருமி அதிகம். தோராயமாக 3.3 எண் குறைந்தால் கிருமி பத்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 18-உம் 36-உம் இரண்டுமே ‘பாசிட்டிவ்’ என்றுதான் வரும். இரண்டுக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்குமான தூரம்.

முழு மரபையும் வாசிக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். ஆய்வகத்தில் வசதி இருந்தால் நோயுற்ற இடத்திலிருந்து வளர்த்த இரண்டு மூன்று கிருமிகளுக்குச் செய்யலாம். செரோடைப், ‘2-ஆ, 1/2-ஆ’ என்ற அந்த ஓர் எழுத்துச் சிக்கல், குடும்ப எண், வீரிய மரபணுக்கள், மருந்துக்கு அடங்காமல் போகச் செய்யும் மரபணுக்கள் எல்லாம் ஒரே வாசிப்பில் கிடைத்துவிடும். அதைவிட முக்கியமாக, மூன்று குட்டிகளின் கிருமிகளும் அடுத்தடுத்து வைத்தால் சில எழுத்துகளே மாறுகின்றனவா, ஆயிரக்கணக்கில் மாறுகின்றனவா என்று தெரியும். சில எழுத்துகள் என்றால் ஒரே ரகம் பண்ணைக்குள் பரவுகிறது. புதிதாக வாங்கிய தாய்ப்பன்றிகளோடு வந்ததா என்று பின்தொடரலாம். ஆயிரக்கணக்கில் என்றால் வெவ்வேறு ரகங்கள் ஒரே நேரத்தில் நோயாக மாறியிருக்கின்றன. அப்போது கிருமியை விட்டுவிட்டு, குட்டிகளின் எதிர்ப்புச் சக்தியை உடைத்தது எது என்று தேட வேண்டும்: பிஆர்ஆர்எஸ் வைரஸா, நெரிசலா, காற்றோட்டமா, பால் மறக்கடித்த வயதா என்று.

மருந்து விஷயத்தில் மட்டும் மரபணு வாசிப்பைத் தனியாக நம்பாதீர்கள். இந்தக் கிருமியில் டெட்ராசைக்ளினுக்கும் மேக்ரோலைடு மருந்துகளுக்கும் அடங்காமல் செய்யும் டெட்ஓ, ஈஆர்எம்பி மரபணுக்கள் பரவலாக இருக்கின்றன. அவை தெரிந்தால் அந்த மருந்துகளைத் தள்ளிவிடலாம். பென்சிலின் கதை வேறு. அங்கே தனியாக ஒரு மரபணு வந்து சேர்வதில்லை. இருக்கும் மரபணுக்களில் அங்கங்கே எழுத்துகள் மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கும் சக்தி ஏறுகிறது. அதைத் தட்டில் மருந்து வைத்துப் பார்ப்பதே நம்பகமானது. ஈ.கோலையில் கொலிஸ்டின் என்ற ஆண்டிபயாடிக்கை முறியடிக்கும் எம்சிஆர்1 மரபணு 2015-இல் சீனாவில் முதலில் அறிவிக்கப்பட்டது. பன்றிகளிடம் எடுத்த கிருமியில்தான் அது அகப்பட்டது. ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவும் துண்டில் அது உட்கார்ந்திருந்தது. தெரியாத ரகத்துக்குக் குத்துமதிப்பாக மருந்து கொடுப்பதன் விலையைப் பன்றியோடு மனிதரும் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

உங்கள் மருத்துவர் மனதில் அனேகமாகப் பண்ணைத் தடுப்பூசி இருக்கும். பண்ணையிலேயே நோய் தந்த கிருமியை வளர்த்துக் கொன்று, அந்தப் பண்ணைக்கு மட்டும் செய்யும் ஊசி அது. மூக்கிலிருந்து எடுத்த ஏதோ ஒரு ரகத்தை அதில் போட்டால் குட்டிகள் சாது ரகத்துக்கு எதிராகத் தயாராகும்; கொல்லும் ரகம் தன் பாட்டுக்குக் கொன்றுகொண்டிருக்கும். ‘ஊசி போட்டும் பலனில்லை’ என்று வரும் புகார்களை விசாரித்தால், சில இடங்களில் தடுப்பூசிக்கான கிருமி எங்கிருந்து எடுத்தது என்றே யாருக்கும் தெரியாது. சரியான ரகத்தைப் போட்டால்கூட வெற்றி நிச்சயமில்லை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டிக்குப் போட்ட ஊசியைத் தடுத்துவிடலாம், பண்ணையில் ரகமும் காலப்போக்கில் மாறலாம். ஆனாலும் சரியான ரகத்தோடு தொடங்கினால்தான் மற்றதைப் பேசவே முடியும்.

ஆகவே அடுத்த குட்டி விழும்போது ஊசியை எடுப்பதற்கு முன் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூளை உறை, மூட்டு, மண்ணீரல் மூன்றிலிருந்தும் தனித்தனியே மாதிரி எடுத்து, குளிர்ச்சியாக, உறைய விடாமல், அன்றே அனுப்புங்கள். கூடவே ஒரு தாளில் குட்டியின் வயது, எத்தனை விழுந்தன, எத்தனை செத்தன, என்ன மருந்து எப்போது கொடுத்தீர்கள், கண்ணிமை வீங்கியிருந்ததா என்று எழுதுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸோடு கிளாசெரெல்லாவையும் பார்க்கச் சொல்லுங்கள். குடல் மாதிரியில் எஃப்18-உம் எஸ்டிஎக்ஸ்2இ-உம் தேடச் சொல்லுங்கள். வளர்ந்த கிருமியைத் தூக்கிப் போடாமல் உறைநிலையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். அறிக்கை வந்ததும், எந்த உறுப்பிலிருந்து எந்த ரகம் வந்தது என்ற விவரத்தோடு எழுதினால், அதை வைத்து மேலே என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். அதுவரை அந்த மூக்கு அறிக்கையை வைத்து மருந்தையோ தடுப்பூசியையோ முடிவு செய்ய வேண்டாம்.